தட்டும் ஒலியும் கேட்கும் செவியும்

சிம்பாங் ரெங்கம் நகரிலிருந்து எங்கள் தோட்டப் பள்ளிக்கு வரும் வழியில், தார்ச்சாலை முடிந்து செம்மண் சாலை தொடங்கும் இடம் ஒன்று உண்டு. ஒருபுறம் செம்பனை, மறுபுறம் அன்னாசி. மழைக்காலத்தில் பழக்குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி அச்சாலை குழியும் மேடுமாய்க் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பேச்சுப் போட்டிக்காக மாணவர் மூவரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு குளுவாங்கிற்குப் புறப்பட்டேன். முதற் குழியில் வண்டியின் முன்பக்கத்தே 'டொக்' என்றோர் ஒலி எழுந்தது. இரண்டாங் குழியிலும் எழுந்தது. தார்ச்சாலை ஏறியதும் அடங்கிவிட்டது. அடங்கிய ஒலியை மறந்துவிடுதல் மனித இயல்பு, நானும் மறந்தேன்.

அவ்வாறு மறந்தது பெரும்பிழை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவ்வொலிக்குக் காரணமாயிருந்த சிறு உறுப்பு அன்று முற்றுங் கழன்றிருக்குமாயின், முன்சக்கரம் ஒன்று மடிந்து வண்டியின் அடியிற் சென்றிருக்கும். பின்னிருக்கையில் இருந்தவர் மூவரும் பிறர் பெற்ற பிள்ளைகள். அந்நினைவு இன்றும் என்னை உறுத்துகின்றது. ஆசிரியர் பலர் இன்று மாணவரைத் தம் வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன். மோட்டார் வண்டியைப் பற்றிய கட்டுரை தமிழ்ப் பக்கத்தில் எதற்கு என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிப்பார்களாக. இலக்கணமும் இடையே வரும்.

ஒலி நாளடைவில் மிகுந்தது. ஒரு பட்டறைக்குச் சென்று, "முன்னால் ஏதோ சத்தம் வருகிறது" என்றேன். அதற்குமேற் கூற எனக்குத் தெரியவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதிர்வுதாங்கி, அதாவது எல்லாரும் அப்சோர்பர் என்று சொல்லும் உறுப்பு, தேய்ந்துவிட்டதென்று கூறி இரண்டையும் மாற்றினர். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி கரைந்தது. மறுநாட் காலை அதே குழியில் அதே 'டொக்'.

பின்பு நண்பர் ஒருவர் சொற்படி முதிய சீனப் பொமன் ஒருவரிடஞ் சென்றேன். வண்டி பழுது பார்ப்பவரை இந்நாட்டில் பொமன் என்றே அழைக்கிறோம். அவர் பொனட்டைத் திறக்கவில்லை, வண்டியைத் தொடவுமில்லை. "பிலா புஞ்ஞி, சிக்கு?" என்று மட்டும் கேட்டார். 'எப்போது ஒலிக்கிறது, ஆசிரியரே?' என்பது பொருள். நான் விழித்தேன். திரும்பும்போதா, பிரேக் அழுத்தும்போதா, ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போதா, இரண்டும் இறங்கும்போதா என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, தலையாட்டவும் இயலாமல் நின்றேன். ஒரு வாரம் கவனித்துக் குறித்து வருமாறு கூறி அனுப்பிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு நாணம் மேலிட்டது. பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் ஆண்டுதோறும் கூறுவதும் இதுவே அன்றோ! மாணவன் 'பள்ளம்' என்பதைப் 'பல்லம்' என்று எழுதினால், உடனே அதனைப் பத்து முறை எழுதச் சொல்லுதல் அப்சோர்பரை மாற்றுவது போன்றது. அவன் எப்போது பிழை செய்கிறான்? சொல்வதெழுதலில் மட்டுமா, பார்த்து எழுதும்போதுமா? வாயால் சொல்லும்போது ளகரம் சரியாக வருகிறதா? குறை செவியிலா, நாவிலா, கையிலா என்பது இவ்வினாக்களுக்குப் பின்னரே புலப்படும். வகுப்பறையில் அறிந்திருந்ததை வண்டியில் மறந்திருந்தேன்.

வண்டியில் தட்டொலி கேட்டால் முதற்கண் செய்யத்தக்கது மிக எளியது. வண்டியைக் காலி செய்க. பின்பெட்டியிலுள்ள ஜாக்கி, மாற்றுச் சக்கரம், இருக்கைக்கடியில் உருளும் தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றை இறக்கியோ இறுக்கியோ வைத்து ஓட்டிப் பார்த்தல் வேண்டும். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டு வாரம் அஞ்சிக்கொண்டிருந்த ஒலி, விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய இரும்புக் குண்டு ஒன்றினுடையது.

அடுத்து, ஒலி எதனோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்த்தல் வேண்டும். பொறியின் வேகத்தோடா, சக்கரத்தின் வேகத்தோடா, சாலையின் மேடுபள்ளத்தோடா? வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, கியரை விலக்கி, முடுக்கியை மெல்ல அழுத்துக. அப்போதும் ஒலி வந்து, பொறி விரைய விரைய அதுவும் விரையுமாயின் பெரும்பாலும் குற்றம் பொறியிடத்தே என்க. நின்றபோது அடங்கி ஓடும்போது மட்டும் எழுமாயின் சக்கரத்தையும் அதனைத் தாங்கும் உறுப்புகளையும் ஐயுறல் வேண்டும்.

எண்ணிப் பார்த்தலும் பயன் தரும். சிறு வண்டிகளின் 14 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்ந்து ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் விட்டமுடையது. ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் ஓடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று முறை சுற்றும். எனவே அவ்வேகத்தில் நொடிக்கு மூன்று தட்டுகள் ஒழுங்காக விழுமாயின், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று மோதுகின்றது எனத் துணியலாம். டயரில் பதிந்த கல்லாகவும் இருக்கலாம். டயரின் பக்கத்தில் எழுந்த புடைப்பாகவும் இருக்கலாம். அண்மையில் டயர் மாற்றியவராயின் சக்கரத்தின் மரைகள் தளர்ந்திருக்கலாம். இந்தக் கடைசி ஐயம் எழுந்தால் பட்டறை வரை ஓட்டிப் பார்ப்போம் என்று எண்ணாது, அங்கேயே ஓரங்கட்டி மரைகளை இறுக்குதல் வேண்டும். வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினால்தான் சக்கரம் செம்மையாகப் பொருந்தும். அதன்பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை சோதிப்பது நன்று.

பொறியின் ஒலிக்கும் இவ்வாறே கணக்கு உண்டு. நிற்கும் வண்டியின் பொறி நிமிடத்துக்கு 800 முறை சுற்றுவதாகக் கொள்வோம். நான்கு வீச்சுப் பொறியில் வால்வுகளைத் திறக்கும் தண்டு அதிற் பாதி வேகத்திலேயே சுழலும். ஆகவே ஒரு வால்வின் 'டிக் டிக்' நிமிடத்துக்கு 400 முறை கேட்கும். குளிர்ந்த காலையில் மெல்லிதாக எழுந்து பொறி சூடானதும் மறையுமாயின் அஃது அத்துணை அஞ்சத்தக்கதன்று. எண்ணெயை மட்டும் சரிபார்க்க. ஆனால் அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற கனத்த 'தொம் தொம்' ஒலி, பொறியின் சுற்றோடு ஒத்து வந்து, ஏற்றத்தில் சுமை ஏறும்போது மிகுமாயின் நிலைமை வேறு. உந்துதண்டு அச்சோடு சேரும் இடத்திலுள்ள தாங்கி தேய்ந்துவிட்டது என்பதற்கு அஃது அறிகுறி. எண்ணெய் அழுத்தங் குறைந்ததைக் காட்டும் செவ்விளக்கும் எரிந்தால், வீடு நெருங்கிவிட்டதே என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டலாகாது. பொறியை உடனே நிறுத்துக. வண்டியைச் சமதரையில் சில நிமிடம் விட்டு, அளவுகோலால் எண்ணெயைப் பார்க்க. குறைந்திருந்தால் ஊற்றலாம், ஆயினும் தேய்ந்த தாங்கியை எண்ணெய் வளர்த்துத் தராது. இழுத்துச் செல்லும் வண்டிக்குக் கொடுக்கும் பணம் புதிய பொறிக்குக் கொடுப்பதினும் மிகச் சிறிது.

பொறியில் மற்றோர் ஒலியும் உண்டு. தகர டப்பாவில் கூழாங்கற்களை இட்டுக் குலுக்கினாற்போல, ஏற்றத்தில் முடுக்கியை அழுத்தும்போது 'கிணுகிணு' என்று கேட்பது அது. இங்கே எந்த உறுப்பும் எதனையும் தட்டவில்லை. மின்பொறி பற்றவைத்த தீ, உருளைக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒழுங்காகப் பரவுதல் வேண்டும். அத்தீ வந்து சேருமுன்பே, எஞ்சி நிற்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்தெரியுமாயின், அழுத்த அலைகள் உருளையின் சுவரிற் சென்று மோதும். அம்மோதலே நம் செவிக்குத் தட்டொலியாகப் படுகிறது.

இவ்வொலியை அடக்க அறிஞர் பலர் முயன்றனர். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு பெட்ரோலிற் கலந்தால் ஒலி அடங்கும் என்று 1921-இல் கண்டார். ஒலி அடங்கியது, ஆனால் உலகெங்கும் சாலையோரத்துக் காற்றில் ஈய நஞ்சு கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது தாக்கும் என்பது தெளிவான பின்னும் அதனை ஒழிக்கப் பல்லாண்டுகள் சென்றன. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடாகிய அல்ஜீரியா 2021-ஆம் ஆண்டிலேதான் அதனை நிறுத்தியது. ஒரு தட்டொலிக்குக் கண்ட மருந்து ஒரு நூற்றாண்டு நோயாக முடிந்தது!

பெட்ரோல் நிலையத்தில் 95 என்றும் 97 என்றும் நாம் காணும் எண்கள் இத்தட்டொலியைத் தாங்கும் ஆற்றலின் அளவேயாகும். எளிதில் தட்டும் ஹெப்டேன் என்னும் நீர்மத்துக்குச் சுழியமும், எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேன் என்பதற்கு 100-உம் அளித்து அளவை வகுத்தனர். 95 என்றால், ஐசோ ஆக்டேன் 95 பங்கும் ஹெப்டேன் 5 பங்கும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்பது பொருள். எண் உயர்ந்தது வலிமையும் உயர்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர், அஃது உண்மையன்று. வண்டியின் கையேடு 95 போதும் என்றால் 95 போதும். அதனை ஊற்றியும் கிணுகிணுப்பு வருமாயின் பொறி அளவிறந்து சூடாகிறதா, உள்ளே கரி படிந்துள்ளதா, மின்பொறி எழும் நேரம் முந்திவிட்டதா என்று பார்க்கச் செய்தல் வேண்டும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் இவ்வொலியைக் கேட்கும் சிறுகருவி ஒன்று பொறியிலேயே பதிக்கப்பட்டுள்ளது. அது கேட்டவுடன் மின்பொறி எழுவது சற்றுப் பிந்துகிறது. நாம் கேட்குமுன் அது கேட்டுவிடுகிறது.

இனி, என் வண்டிக்கு வருவோம்.

கேட்ட ஒலியைப் பொமனிடம் சொல்லத் தமிழில் நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. கடகட, தடதட, நறநற, கிணுகிணு என்று இரட்டித்தே நின்று பொருள் தரும் சொற்களை இரட்டைக்கிளவி என்பர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதற்கு விதி கூறியிருப்பதை ஆசிரியர்கள் அறிவர். 'கடகட' என்பதைப் பிரித்துக் 'கட' என்று நிறுத்தினால் அவ்வொலிப்பொருள் போய்விடும். 'டொக்' என்பதோ தனித்தும் நிற்கும். டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாதே என்று இலக்கணம் வல்லார் முகஞ் சுளிக்கலாம். என் வண்டி இலக்கணம் படிக்கவில்லை! விளையாட்டாகச் சொன்னாலும், ஒலியின் வகையை வேறுபடுத்திச் சொல்வதால் பயன் மிகுதி. நறநற என்பது உராய்வு. பிரேக் அட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுவதாக இருக்கலாம். கடகட என்பது பல தட்டுகள் தொடர்ந்து வருவது. புகைக்குழாயின் மேலுள்ள தகட்டுக் காப்பு தளர்ந்தாலும் அவ்வாறு ஒலிக்கும். டொக் என்பது ஒற்றைத் தட்டு; எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது, ஓர் உறுப்பு அவ்விடைவெளியைக் கடந்து சென்று மோதுகிறது என்பதை அது காட்டும்.

ஒரு வாரம் குறிப்பேடும் கையுமாய் ஓட்டினேன். வண்டியை நிறுத்தி முடுக்கியபோது ஒலி இல்லை, பொறி குற்றமற்றது. செம்மண் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தட்டுகள் ஒழுங்கின்றி விழுந்தன. சுழலும் உறுப்பு எதுவும் தட்டவில்லை. மெல்லப் பிரேக்கை அழுத்தியபடியே குழியைக் கடந்தேன், ஒலி மாறவில்லை. பிரேக் அட்டையோ அதனைப் பிடிக்கும் பகுதியோ தளர்ந்திருக்குமாயின், அழுத்தும்போது அவை இறுகி ஒலி அடங்கியிருக்கும். தோட்டத்துத் திடலில் வளையத்தை முற்றும் திருப்பி, இடமும் வலமுமாக மெதுவாக வட்டமிட்டேன். அப்போது 'டக் டக் டக்' என்று விரைந்து கேட்டிருந்தால், சக்கரத்துக்கு விசையூட்டும் அச்சின் வெளிமூட்டை ஐயுற்றிருக்கலாம். அதன் ரப்பர் உறை கிழிந்து மசகு வெளியேறி மண் உட்புகுந்தால் அவ்வொலி பிறக்கும். என் வண்டியில் அது கேட்கவில்லை. நிறுத்திய வண்டியில் கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றியபோதும் கனத்த மோதல் எதுவும் இல்லை. பொறியைத் தாங்கும் ரப்பர்களும் நலமே.

பள்ளி வாயிலிலுள்ள வேகத்தடை மேட்டில் செய்த சோதனையே எனக்குப் பெரிதும் உவகை தந்தது. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் சமநிலைத் தண்டு ஒன்று உண்டு. அதன் இருமுனைகளிலும் சிறு இணைப்புகள் உள. இரு சக்கரங்களும் ஒருங்கே மேட்டில் ஏறினால் தண்டு முழுவதும் ஒன்றாக எழுந்து தாழும். இணைப்புகளுக்குப் பெரிய சுமை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் தண்டு முறுக்குண்ணும். தேய்ந்த இணைப்பு தட்டும். ஆகவே ஒருபுறக் குழியில் ஒலித்து, நேராகக் கடக்கும் மேட்டில் ஒலிக்காவிடின் அவ்விணைப்பையே முதலில் பார்த்தல் வேண்டும். அது மலிவான பொருள். ஆயினும் இதனை அறியாமல் விலைமிக்க உறுப்புகளை மாற்றியோர் பலர். என் வண்டியோ இருவகையிலும் ஒலித்தது. அதனோடு, நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும், பிரேக் அழுத்தி நிற்கும் தறுவாயிலும் மெல்லிய 'டொக்' ஒன்று இடப்புறத்தே கேட்டது.

குறிப்பேட்டைப் பொமனிடம் காட்டினேன். தமிழெழுத்தை அவர் படிக்கவில்லை. நான் மலாயில் சொல்லச் சொல்லக் கேட்டுத் தலையசைத்தார். வண்டியின் முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை நீட்டுதல் உயிர்க்கேடு. இடச்சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பற்றி ஆட்டினார். சக்கரம் அசைந்தது. என்னை உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டினார், அப்போதும் அசைந்தது. பிரேக் அழுத்தியதும் அசைவு நின்றிருந்தால் சக்கரத் தாங்கியில் குற்றம். நில்லாது அசைந்தமையால் குற்றம் பந்துமூட்டில் என்றார். இடமும் வலமுமாகப் பற்றி ஆட்டும்போது மட்டும் அசைந்திருந்தால், திருப்புத் தண்டின் முனையைப் பார்த்திருப்பாராம்.

பந்துமூடு, அதாவது பால் ஜாயிண்ட் என்பது, நம் தோள்மூட்டைப் போன்றது. ஒரு கிண்ணத்துக்குள் இரும்புப் பந்து ஒன்று சுழலும். சக்கரம் மேலுங் கீழும் செல்லவும், இடமும் வலமும் திரும்பவும் அதுவே இடந்தருகிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து, செம்மண்ணும் நீரும் புகுந்து, துருவேறி, கிண்ணம் தேய்ந்து அகன்றிருந்தது. கழற்றிய மூட்டை அவர் என் உள்ளங்கையில் வைத்தபோது பந்து தானாகவே ஆடியது. இன்னுஞ் சில நாளில் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியேறியிருக்கும் என்றார். நான் மாணவர் மூவரை நினைத்துக்கொண்டேன்.

மூட்டை மட்டும் மாற்றாமல், அதனைத் தாங்கும் கீழ்க்கையையே புதிதாகப் பூட்டினார். அக்கையின் மறுமுனையிலிருந்த ரப்பரும் வெடித்திருந்தமையே காரணம். முன்பு அப்சோர்பருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கும் செலவாகவில்லை. பூட்டுகையில் அவர் செய்த செயல் ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். கீழ்க்கையின் ரப்பர் முனையைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கவில்லை. வண்டியின் சுமை சக்கரத்தின்மேல் அமர்ந்த பின்னரே இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்தவுடன் ரப்பர் முறுக்குண்டே நிற்கும், விரைவில் கிழியும். பட்டறையில் அவசரப்படுவோர் இதனைச் செய்வதில்லை. நாம் அருகில் நின்று பணிவாகக் கேட்கலாம்.

அதன்பின் சக்கரங்களின் நேர்மையைக் கருவியால் அளந்து திருத்துதல் வேண்டும். கீழ்க்கையையோ திருப்புத் தண்டின் முனையையோ மாற்றிய பின் இதனை விடுத்தால் டயர் ஒருபுறமாகத் தேயும். வண்டியும் ஒருபக்கம் இழுக்கும். குளுவாங்கில் அவ்வளவைச் செய்வித்துக்கொண்டு மாலையில் திரும்பினேன். செம்மண் சாலையின் முதற் குழியில் வேண்டுமென்றே மெல்ல இறக்கினேன். பின்பெட்டியிலிருந்த சுண்ணக்கட்டிப் பெட்டி நகர்ந்த ஒலி தவிர வேறொன்றும் கேட்கவில்லை. வலப்புற மூட்டின் உறையிலும் கீறல் தொடங்கியிருப்பதாகப் பொமன் சொல்லியிருந்தார்; அடுத்த விடுமுறையில் அதனையும் மாற்றினேன்.